தாளிக்காத வீடு

அம்மாவுக்கு அம்மை போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயும் வாசம் பட்டால் முத்துகள் சீறும் என்பார்கள். கொப்புளம் என்று சொல்லக் கூடாது, முத்து என்றுதான் சொல்ல வேண்டும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து, படியருகே மஞ்சள் தண்ணீர் வாளி. வெளியே போய் வருகிறவர்கள் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூரமான பெண்கள், அதாவது மாதவிலக்கில் இருக்கிறவர்கள், அந்த வாசல் பக்கமே வரக் கூடாது. வந்தால் அம்மன் கோபித்துக்கொண்டு அம்மை கண்டவரின் கண்ணைப் பறித்துவிடுவாள்.

நான் விலங்கியல் படித்தவள். இந்த நோய் எதனால் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்த முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் காப்பி பறித்து என்னைப் படிக்க வைத்தார்கள். இப்போது ஏற்காட்டில் ஒரு பெரிய விடுதியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களிடம் அவர்கள் பேசும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறேன். இதையெல்லாம் தலை நிமிர்ந்து சொல்வேன். ஆனால் அந்தக் கோடையின் கடைசி வாரத்தில், என் அம்மாவின் தொண்டைக்குள் ஒரு மடக்குக் கஞ்சியை இறக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சமைக்கத் தெரியாது. அதற்குக் காரணம் அம்மாதான். நான் அடுப்படிப் பக்கம் போனால் துரத்துவாள். "போயி புஸ்தவத்தப் புடி. இந்தப் பொகையெல்லாம் என்னோட போவட்டும்." வீட்டுக்கு காஸ் வந்து புகை போன பிறகும் அதையேதான் சொன்னாள். விடுதி வேலை முடிந்து மஞ்சக்குட்டைப் பக்கம் போகும் ஜீப்பில் நெருக்கியடித்து வந்து இறங்கினால், கழுவிய தட்டு கையில் வரும். தட்டில் சூடான களி இருக்கும். கல்யாண வயசில் சமைக்கத் தெரியாத பெண் என்று ஊரில் யாராவது இழுத்தால், "எம்புள்ள சம்பாரிக்குது, வேணுங்கறவன் ஆக்கிப் போடட்டும்" என்பாள். அந்தப் பேச்சு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பெரியவர்களுக்கு அம்மை போட்டால் கடுமையாக இருக்கும். அம்மாவுக்கு உடம்பில் இடமில்லாமல் போட்டிருந்தது. வாய்க்குள்ளும் நாக்கிலும் தொண்டையிலும் முத்துகள். எச்சிலை விழுங்கும்போதே காலை உதைத்துக்கொள்வாள். வேப்பிலை பரப்பிய வெள்ளை வேட்டியின் மேல் சுருண்டு கிடந்தாள். விடுதியில், அம்மாவுக்குக் குணமாகும் வரை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். சீசன் கூட்டத்தில் மலைப்பாதை முழுக்கக் கார்கள். எங்கள் வீட்டு மேட்டிலிருந்து பார்த்தால் ஹாரன் சத்தம் மட்டும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும். கத்திரி வெயில் கழிந்து தினமும் இடிமழை. கொல்லையில் பலா பழுத்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வாசத்துக்கே அம்மா குமட்டினாள். அப்பா பழங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

முதலில் அரிசிக் கஞ்சி வைத்தேன். நன்றாகக் குழைந்திருந்தது என்றுதான் நினைத்தேன். உப்புப் போட்டிருந்தேன். ஒரு கரண்டி வாய்க்குள் போனதும் அம்மா கத்தவும் முடியாமல் என் கையைத் தட்டிவிட்டாள். கஞ்சி வேப்பிலையெல்லாம் தெறித்தது. புண்ணில் உப்புப் பட்டால் எரியும் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்பா வாசற்படியில் நின்று கும்பிட்டார். "தாயி, கோவிச்சுக்காதீங்க தாயி. சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு."

அம்மை போட்டவர் மேல் அம்மனே இறங்கியிருக்கிறாள் என்பதால் மரியாதையாகத்தான் பேச வேண்டும். கல்யாணமானதிலிருந்து "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர், அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் வாங்க போங்க என்றே பேசினார். தொண்டை அப்படி இருந்த நிலையிலும் அம்மா என் காதில் கரகரத்தாள். "இந்த ஆள மொதல்ல அந்தப் பக்கம் போவச் சொல்லு. சிரிப்பு வருது, சிரிச்சா வலிக்குது."

அதோடு அவள் பேச்சு அடங்கியது. அடுத்த நாளிலிருந்து கையசைப்பு மட்டும்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். அங்கே உட்கார்ந்து கஞ்சி, கூழ் என்று தேடித் தேடி வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு கரண்டியில் எண்ணெய் காய்ந்தது. "இப்ப கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளிச்சுக் கொட்டிட்டீங்கன்னா..." தாளிக்காமல் ஒரு சாப்பாடு உண்டு என்பதையே உலகம் மறந்துவிட்டதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கீழே இறங்கி ராகி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டினேன். கட்டி கட்டியாகத் திரண்டது. ஒரு கட்டியை அமுக்கினால் உள்ளே வேகாத மாவு பொட்டுப் பொட்டாக இருந்தது. அதை நாய்க்கு ஊற்றினேன். அதுவும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைக்குழந்தை. அதனால் எங்கள் வீட்டுக்குள் வர முடியாது. வேலியருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சும்மா இருப்பாளா?

"ஏம்புள்ள, ஓட்டல்ல நூறு பேத்துக்குச் சோறு போடறவளாமா நீ? ஒரு நாய் குடிக்கறாப்பல கூழு காச்ச முடியல?"

"நான் சோறு போடறதில்லீங்க்கா. பில் போடறேன்."

"அப்ப உங்கம்மாளுக்கும் ஒரு பில்லப் போட்டுக் குடு, முழுங்கட்டும்." சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "கண்ணு, தண்ணியாச்சும் எறங்குதா?"

"ஒதட்ட நனைக்கத்தான் முடியுது."

அன்று சாயங்காலம் கிராம நர்ஸ் வந்து வாசலில் நின்றபடியே பார்த்தார். முதலில் அவர் கொடுத்திருந்த மாத்திரைகள் அட்டையோடு அப்படியே இருந்தன. "வெறும் வயித்துல கெடக்குறாங்க. ஒன்னுக்குக்கூட சரியாப் போகலைங்கிறீங்க. நாளைக்குள்ள ஏதாவது உள்ள எறங்கலைன்னா கீழ சேலத்துக்குக் கொண்டு போய் ட்ரிப்ஸ் ஏத்திடுங்க. வெளையாட்டில்லைங்க இது."

அவர் போனதும் நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

"தாயி ஒடம்ப விட்டு எறங்கற வரைக்கும் படி தாண்டக் கூடாது சாமி." என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"இப்படியே கெடந்தா என்னாகும்னு தெரியுங்களாப்பா? கிட்னி போயிருமுங்க."

"தெரியும்."

அவர் ஏன் மறுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். சிறு பிள்ளையில் அம்மை போட்டு, தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறார்கள். அடிவாரம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வளைவில் உயிர் போய்விட்டது. தூக்கிப் போனதால்தான் போனாள் என்று அப்பா நம்புகிறார். தூக்கிப் போகத் தாமதமானதால் போனாள் என்பேன் நான். இன்றைக்கும் பஸ் அந்த வளைவில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார்.

நான் பாறையில் ஏறி, விடுதிக்கு வண்டி ஓட்டும் அண்ணனிடம் போனில் கெஞ்சினேன். அம்மை என்றதும் மற்ற ஜீப்காரர்கள் முடியாது என்று சொல்லியிருந்தார்கள். இவர் மட்டும், "நாளைக்குப் பொழுது சாயறப்ப வரேன் கண்ணு. அதுக்கு முன்ன ரோட்டுல வண்டி நகராது" என்றார்.

இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "நாளைக்குப் பொழுது சாயற மட்டும் பாரு. அப்பறம் உன் இஷ்டம்" என்றார்.

வேலிக்கு அப்பால் அக்கா படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் மல்லாத்தி எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் பளபளவென்று பழுப்பு நிறத்தில் இருந்தது. குழந்தை ஒரு வாய் வாங்கிவிட்டு, பல்லில்லாத ஈறால் சப்புக் கொட்டி, அடுத்ததற்கு வாயைத் திறந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். மெல்ல முடியாத, காரம் தாங்காத, உப்புக்குக்கூடப் பழகாத வாய். என் வீட்டுக்குள் கிடப்பதும் அதே வாய்தான்.

"அக்கா, அது என்னங்க?"

"ராகிப்பாலு. ஏன், உனக்குப் பசிக்குதா?"

"எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க்கா. ஒன்னு விடாமச் சொல்லுங்க."

ராகியை ஊற வைத்து, அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பால் எடுத்து, சின்னத் தீயில் கை விடாமல் கிண்ட வேண்டும் என்றாள். அவ்வளவுதான். தாளிப்பு இல்லாத ஒரு சமையல் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. பானையிலிருந்து ராகியை அளந்தெடுத்து, கல் பொறுக்கி, ஊற வைத்தேன். கடவுள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மூடி வைத்த பாத்திரத்தின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது எனக்கு அடிவயிறு வலித்தது. பாவாடையில் கறை.

கழிப்பறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். விஷயத்தைச் சொன்னால் அந்த நிமிடமே நான் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். எஸ்டேட் லைனில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாவுக்குச் சுடுதண்ணீரைத் தவிர எதுவும் வைக்கத் தெரியாது. சொல்லாவிட்டால், அம்மா நம்புகிற அத்தனைக்கும் எதிராக என் கையால் அவள் வாயில் ஊட்ட வேண்டும். நான் நம்புகிறேனா என்பது அங்கே கேள்வியே இல்லை. அவள் நம்புகிறாள். தெரிந்தால் அந்தப் பயத்திலேயே வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

குளித்து, துணி மாற்றி, மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவி உள்ளே போனேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஈரத்துணியால் அம்மாவின் முகத்தை ஒற்றி எடுத்தேன். இடது இமையின் மேல் புதிதாக ஒரு முத்து எழும்பி, கண் வீங்கி மூடியிருந்தது. நேற்று இரவு அது இல்லை. என் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

அப்பாவும் பார்த்துவிட்டார். "தீட்டு பட்டிருக்குது. எவளோ வந்திருக்கா." வேலிப் பக்கம் போய் அக்காவைக் கேட்டார். "ஏனம்மிணி, நீ இங்குட்டு வந்தியா?"

"நான் ஏனுங்க வரேன்? எங்கொழந்தைக்கு ஒட்டிக்கும்னு வேலியக்கூடத் தொடறதில்லீங்க."

"அப்ப அந்த நர்ஸம்மா. வாசல்ல நின்னுச்சே. அவங்களுக்கு என்ன கணக்கோ, யாரு கண்டா."

நான் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வைரஸ், உடலில் அது பெருகும் காலம், புதிய கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாக எழும்பும் விதம், எல்லாமே எனக்குத் தெரியும். அது என்னால் வந்ததில்லை என்பதும் தெரியும். ஆனாலும் கீழே விழுந்த துணியை எடுத்து இன்னொரு முறை அந்தக் கண்ணைத் தொட எனக்குத் துணிவில்லை. நான் படித்த எதுவும் அந்த நேரத்தில் என் கைக்கு எட்டவில்லை. கண் போய்விட்டால்? நான் தொட்ட காலையில்தானே வீங்கியது? படித்த ஒருத்தியும் மலையில் பிறந்த ஒருத்தியும் எனக்குள் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். ஊறிய ராகி பாத்திரத்தில் உப்பிப் போய்க் காத்திருந்தது.

மிக்சியைப் போட்டால் கரண்ட் இல்லை. விடியற்காலை மழையில் எங்கோ மரம் விழுந்திருக்க வேண்டும். கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவினேன். அதை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. குழவியைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அடிவயிற்றைப் பிழிந்தது. ராகி முதலில் நழுவி நழுவி ஓடியது. தண்ணீரைக் குறைத்ததும் பிடிபட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அழுதுகொண்டே அரைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அழுகிறேன் என்று அப்போது தெரியவில்லை. அம்மாவின் பழைய நூல்சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் கொட்டி முறுக்கிப் பிழிந்தேன். பால் இறங்கியது. மறுபடி அரைத்தேன், மறுபடி பிழிந்தேன்.

மதியத்துக்கு மேல் அடுப்பில் வைத்தேன். தீயைக் குறைத்து, கரண்டியை விடாமல் சுற்றினேன். வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. வெறும் சாயத்தண்ணீர். இதுவும் போச்சு என்று நினைத்த நேரத்தில் கரண்டி கனத்தது. அடியிலிருந்து ஒரு திரட்சி கிளம்பி வந்து, பால் முழுக்கப் பரவி, கண்ணாடி மாதிரி மினுங்கியது. கொஞ்சம் தண்ணீர் விட்டு நெகிழ்த்தி, பனங்கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றினேன். உப்பில்லை, புளிப்பில்லை. அந்த வாசம் அடுப்படியில் நிறைந்தபோது எனக்கே பசித்தது. காலையிலிருந்து நானும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

தட்டில் ஊற்றி, விசிறி, முழுக்க ஆற வைத்தேன். வெளியே அப்பா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜீப் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடு முழுக்கப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். ஒரு கண் மூடியிருந்தது. மற்றொரு கண்ணால் அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை, என் ஈரத் தலையை, நான் வயிற்றைச் சற்றே மடக்கி உட்கார்ந்திருந்த விதத்தை. என் நாட்களை என்னைவிட அவள்தான் சரியாகக் கணக்கு வைத்திருப்பாள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று எதற்குக் கிளம்பினாலும் முதலில் விரல் மடக்கிப் பார்க்கிறவள்.

உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தூரமாயிட்டியா கண்ணு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ விருந்தாளிகளிடம் அறை காலியில்லை என்று சிரித்த முகத்தோடு பொய் சொல்லியிருக்கிறேன். அன்று வரவில்லை.

"ஆமாம்மா. காலைல இருந்து. தெரிஞ்சுதான் வந்தேன். நீ சாப்பிடலைன்னா உன்னை இப்பவே கீழ தூக்கிட்டுப் போயிருவேன். வண்டி வந்துக்கிட்டு இருக்குது."

அவள் கண் என் மேலேயே இருந்தது. அதில் பயம் இருந்தது. அதை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். வாசலில் செருகிய வேப்பிலையை ஒரு தரம் பார்த்தாள். வெளியே நின்ற அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வெடித்த உதடுகளைப் பிரித்து, வாயைத் திறந்தாள்.

அரைக் கரண்டி வைத்தேன். கால் உதைக்கவில்லை. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கையைத் தட்டிவிடப் போகிறாள் என்று கிண்ணத்தை நகர்த்திப் பிடித்தேன். அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

அப்படியே பாதிக் கிண்ணம் போனது. மாத்திரையைப் பொடித்து ஒரு கரண்டியில் குழைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் விழுங்கினாள்.

மேட்டுக்குக் கீழே ஜீப் சத்தம் கேட்டது. அப்பா வாசலுக்கு ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவும் பயந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சாமி, வண்டி வந்திருச்சு. தாயி... தாயி ஏத்துக்கிட்டாங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கை கொதித்தது, காய்ச்சல் இறங்கியிருக்கவில்லை. வீங்கிய கண் என்னாகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. என்னை இழுத்துக் குனிய வைத்து, காற்றாக வந்த குரலில் சொன்னாள்.

"அந்த ஆளுகிட்டச் சொல்லாத. இன்னுங்கொஞ்சம் ஊத்து."

"ஏத்துக்கிட்டாங்கப்பா," என்று உரக்கச் சொன்னேன். "வண்டி கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அடுப்படிக்குப் போய் மீதியைக் கிண்ணத்தில் ஊற்றினேன். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது.